சம்பந்தி பைக்குள் போட்ட கார்க்

அந்த ஒயினைக் குடித்தது நீங்கள்தான், அத்தான்.

குடித்ததோடு விடவில்லை. காலியான பாட்டிலை நிரப்பி, மூடி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தீர்கள். அப்புறம் குடித்தவன் நான் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னீர்கள். இன்றைக்கு என் மகள் இத்தாலியில் இருந்து போன் போட்டு, "அப்பா, நீங்க குடிப்பீங்களா? நேராச் சொல்லுங்க" என்று கேட்கிறாள். பேத்தியை இந்த விடுமுறைக்கு எங்களிடம் தனியாக விடலாமா கூடாதா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னேன். அவள் "சரிப்பா" என்றாள். அந்தச் 'சரிப்பா'வில் நம்பிக்கை இல்லை. பெற்ற மகளே நம்பாத பிறகு மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது. பிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்க்கத்தான் வரும்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காள் வீட்டுக்காரரை. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் வீடு. எங்கள் சைவக் குடும்பங்களுக்கென்று இருக்கும் சங்கத்துக்குத் தலைவர். ஆண்டு விழா மேடையில் மது ஒழிப்பைப் பற்றி அவர் பேசினால் பெண்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திராட்சாரிஷ்டம் சாப்பிடுவார். திராட்சையையும் வெல்லத்தையும் கிராம்பு, ஏலக்காயோடு சேர்த்துப் புளிக்க வைத்த மருந்து அது. அதிலும் போதை உண்டு. ஆரம்பத்தில் ஒரு மூடி சாப்பிட்டார். பிறகு அரை டம்ளர் ஆனது. இப்போது டம்ளர். எங்கள் ஆட்களுக்கு ஒரு விசித்திரமான கணக்கு. சாராயக் கடையில் வாங்கினால் அது பாவம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் செரிமானம். எல்லா வீட்டு அலமாரியிலும் அந்தப் பழுப்பு பாட்டில் நிற்கும். என் மகளைத் தவிர, அதன் வாசனை தெரியாத ஒருவர் எங்கள் சொந்தத்தில் கிடையாது.

என் மகள் இத்தாலிக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை கிடைத்து, அங்கே ஒரு பையனையே கட்டிக்கொள்கிறேன் என்றாள். நான் சத்தம் போட்டேன். என் மனைவி அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் விமானம் ஏறினோம். வடக்கு இத்தாலியில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் குன்று, குன்று முழுக்கத் திராட்சைக் கொடி, காலையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாத மூடுபனி. சம்பந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் கட்டிடம் முழுவதையும் சூடாக வைத்திருப்பது அவர் வேலையாக இருந்திருக்கிறது. என் தொழில் என்ன என்று கேட்டார். மகள் சொன்னாள். அவர் தன்னைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்லுதாரு?"

"நான் ஊரச் சூடாக்குனேன், நீ ஊரக் குளிர வைக்க. நாம சேந்தா ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுதாரு."

அந்த ஒரு பேச்சில் எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மொழிபெயர்க்க மகளும் கூட வர, அவர் என்னை வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்குக் கூட்டிப் போனார். சுவரோரம் மர அடுக்கில் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. பரோலோ என்ற சிவப்பு ஒயின். மகன் பிறந்த வருடம் அறுத்த திராட்சையில் செய்தது, இரண்டு பாட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகியிருந்தது. ஏன் படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கார்க் நனைந்தே இருக்க வேண்டும், காய்ந்தால் சுருங்கிக் காற்று புகுந்துவிடும் என்றார். பிரிட்ஜ் கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கட் மாதிரிதான். அதுவரை எனக்குப் புரியாத பேச்சு அப்போது புரியத் தொடங்கியது.

ஒரு பாட்டிலை அவர் முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்தார். அடியில் வண்டல் இறங்குவதற்கு. கார்க்கை இழுக்கும் திருகை அதற்குள் பையச் செலுத்தினார். அவசரமே இல்லை. பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் லைட்டைப் பிடிக்கச் சொல்லி, கண்ணாடி ஜாடியில் ஊற்றிக்கொண்டே வந்தார். வெளிச்சத்தில் வண்டல் கழுத்தை நோக்கி வருவது தெரிந்ததும் கையை நிறுத்திவிட்டார். மிச்சத்தைத் தொடவில்லை.

நான் கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். செங்கல்லைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஓரத்தில் காவி. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கல்யாண மண்டபத்தில் மறுநாள் காலையில் மாலைகளைக் குவித்துப் போட்டிருக்கும் மூலை இருக்கிறதே, அந்த வாடின ரோஜா வாசனை. அதற்கு அடியில் புதிதாகத் தார் போட்ட ரோடு. இரண்டும் ஒரே கிளாஸில் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நான் அதற்கு முன்னால் கூட்டாளிகளோடு பீர் குடித்துப் பார்த்திருக்கிறேன். பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். அந்த அனுபவத்தோடுதான் இதையும் வாயில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பல் ஈறு எல்லாம் இழுத்துப் பிடித்தது. நாக்கு உலர்ந்தது. அப்புறம் அந்தப் பிடி மெதுவாக விட, இனிப்பு இல்லாத ஒரு பழ ருசி தொண்டையில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"பாக்கு மாதிரி இருக்கு" என்றேன்.

மகளுக்குப் பாக்கு என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மனைவி கைப்பையில் வெற்றிலை பாக்கு இல்லாமல் எங்கும் போக மாட்டாள். மாடிக்குப் போய் ஒரு கொட்டைப்பாக்குத் துண்டை எடுத்து வந்து சம்பந்தியிடம் கொடுத்தேன். அவர் கடித்தார். முகம் கோணிப்போனது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் தோளைத் தட்டினார்.

மகள் சொன்னாள்: "சரியாத்தான் பிடிச்சிட்டீங்களாம்ப்பா. இது பிறந்தப்ப அந்தப் பாக்கு மாதிரியே இருந்துச்சாம். வாயில வைக்க முடியாதாம். இத்தன வருசம் கிடந்துதான் எறங்கியிருக்காம்."

கிளம்பும் நாளில் இரண்டாவது பாட்டிலை என் கையில் கொடுத்தார். நான் உன் வீட்டுக்கு வருவேன், பேரப் பிள்ளையோடு வருவேன், அன்றைக்குத் திறக்கலாம், அதுவரை உன் பொறுப்பு என்றார். தன்னிடம் இருந்த கடைசிப் பாட்டிலைக் கொடுத்தார். அதைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தோம்.

திருநெல்வேலி வெயிலில் பரோலோவைக் காப்பாற்றுவது எப்படி என்று எந்தக் கடையிலும் கேட்க முடியாது. ஆனால் குளிர வைப்பது என் தொழில். கடையில் கிடந்த ஒரு பழைய ஒற்றைக்கதவு பிரிட்ஜை எடுத்தேன். அதன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் கண்ட்ரோலர் வைத்துப் பதினான்கு டிகிரியில் நிறுத்தினேன். கம்ப்ரசர் அதிர்ந்தால் வண்டல் கலங்கும், அதனால் அடியில் புது ரப்பர் புஷ் போட்டேன். உள்ளே காற்று காய்ந்துபோகாமல் இருக்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பாட்டிலைத் துண்டில் படுக்க வைத்தேன். இன்வெர்ட்டரில் இருந்து தனி லைன். சாமான் அறையில் அது 'ம்ம்' என்று ஓடிக்கொண்டிருக்கும்.

"எனக்கு ஒரு ஏசி மாட்டுங்கன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லுதேன்" என்றாள் என் மனைவி. "நேத்து வந்த பாட்டிலுக்குத் தனிக் குளிரு. ஏசிக்காரன் பொண்டாட்டி விசிறியோட கெடக்கா."

நீங்களும் அந்தப் பிரிட்ஜைப் பார்க்க வந்தீர்கள், அத்தான். குனிந்து பார்த்தீர்கள். "இதுல என்ன மாப்ள அப்பிடி விசேசம்?" என்று கேட்டீர்கள். நான் மடையன் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். ரோஜா, தார், பாக்கு, எல்லாம். நீங்கள் எச்சில் விழுங்கினதை நான் பார்த்தேன். அருவருப்பு என்று நினைத்தேன்.

மகளின் பேறுகாலத்துக்கு நானும் மனைவியும் மறுபடி இத்தாலி போனோம். சில மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி உங்களிடம் இருந்தது. செடிக்குத் தண்ணீர் விட, மோட்டார் போட்டு டேங்க் நிரப்ப. உங்களைத் தவிர யாரிடமும் சாவி இல்லை. திரும்பி வந்தபோது பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலரில் பதினான்கு. பாட்டில் துண்டின்மேல் படுத்திருந்தது. கார்க்கை மூடியிருக்கும் கழுத்துத் தகடு அப்படியே ஒட்டியிருந்தது. சந்தோஷமாகக் கதவை மூடினேன்.

அதன்பின் பேத்தி நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அத்தனை காலமும் நான் அந்தப் பிரிட்ஜுக்குக் காவல் இருந்தேன். பவர்கட் என்றால் கடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து இன்வெர்ட்டரைப் பார்ப்பேன். கிண்ணத்துத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வேன். நாட்டு மருந்துக் கடையில் வெறும் அலமாரியில் நிற்கும் சரக்குக்குப் பதினான்கு டிகிரியில் வருடக்கணக்காகக் காவல் இருந்திருக்கிறேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது.

தை மாதம் சம்பந்தியும் அவர் மனைவியும் மகள், மருமகன், பேத்தியோடு வந்தார்கள். பாபநாசம் அருவிக்குக் கூட்டிப் போனோம். சம்பந்தி இடுப்பில் துண்டோடு அருவிக்குள் நின்று கத்தின கத்தலில் குரங்கெல்லாம் ஓடிவிட்டது. அவருக்கு எங்கள் ஊர் பிடித்திருந்தது. நான் இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மூன்றாம் நாள் பாட்டிலைத் திறப்பது என்று ஏற்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு உங்களையும் அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. "மொதல்ல அந்தச் சனியன முடிச்சிருங்க மாப்ள. அது தெறந்திருக்குத எடத்துல நான் கால் வைக்க மாட்டேன். முடிஞ்சதும் சொல்லி விடு, அக்காளக் கூட்டிக்கிட்டு வாரேன்."

முந்தின நாளே நான் பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தேன். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டிருந்தேன். சம்பந்தி பாட்டிலைக் கையில் வாங்கி, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிரிட்ஜைக் காட்டினேன். ரப்பர் புஷ் வரைக்கும் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தார். தகட்டை உரித்தார். பசை போட்டு ஒட்டினது போல அது இழுத்தது, அங்கேயே அவர் கை நின்றது. கார்க்கை விரலால் தடவினார். திருகைச் செலுத்தினார். அது தடையே இல்லாமல் இறங்கியது. கார்க் வெளியே வந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நானும் பார்த்தேன். அவர் திருகு போன வழிக்குப் பக்கத்திலேயே, இன்னொரு திருகு போன ஓட்டை.

அவர் கார்க்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று போட்டுக்கொண்டார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துப் போட்டுக்கொண்டார்.

ஜாடியில் ஊற்றினார். வண்டலே வரவில்லை. செங்கல் நிறம் இல்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பு. ஊற்றும்போதே என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பழுப்பு பாட்டில் வாசனையை எங்கள் இரண்டு பேர் மூக்கும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. சம்பந்தி ஒரு வாய் வைத்தார். மெல்ல விழுங்கினார். அவரைப் பார்க்கவே முடியவில்லை. மகள் பழக்கத்தில் மொழிபெயர்த்தாள், அவள் குரல் போகப் போக இறங்கியது. "கிராம்பு இருக்குங்காரு. ஏலக்காய்... வெல்லம் மாதிரி ஒண்ணு..."

மருந்துச் சீட்டை வாசிப்பது போல அவர் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கார்க் கெட்டுப்போய்விட்டது, தவறு என்னுடையது, இவ்வளவு வயதான ஒயினை இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கக் கூடாது என்றார். கார்க் அவர் பைக்குள் இருந்தது. எனக்காகப் பொய் சொன்னார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நோயாளியைப் பார்க்கிற பார்வை.

நான் தரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? 'நான் இல்லை' என்று சொன்னால், 'பிறகு யார்' என்று கேட்பார். எனக்கு அப்போது தெரியாது.

என் மனைவி ஜாடியை எடுத்துப் போய்க் கொட்டினாள். கிளாஸ் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினாள். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். அதற்கப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். விபூதியும் சந்தனமுமாக, வெள்ளை வேட்டியில். சாம்பிராணி வாசனையைத் தவிர ஒரு வாசனை வீட்டில் இல்லை. இலையில் உட்கார்ந்து, என் மகளிடம், "ஒயின் எப்பிடி இருந்துச்சுன்னு உன் மாமனார்ட்ட கேளும்மா" என்றீர்கள். ஒயினுக்கு வயதாகிக் கெட்டுவிட்டது என்று அவர் சொன்னதை அவள் சொன்னாள். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "எதுக்கும் ஒரு வயசு இருக்குல்லா" என்றீர்கள்.

நானும் என் மனைவியும் அந்த மருந்தின் பெயரை எங்களுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வெட்கம். சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது. மகளும் மருமகனும் சம்பந்தியோடு அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார்கள். மகள் சின்ன வயதிலேயே அந்த மருந்து பாட்டிலைக் கண்டால் ஓடிவிடுவாள், ஒரு நாளும் குடித்ததில்லை, முகர்ந்ததும் இல்லை. வெயிலில் கெட்டுப்போச்சு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தி. என் சித்தப்பா மகன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். சாம்பாரைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளக்காரச் சம்பந்திக்கே அரிஷ்டம் ஊத்திக் குடுத்துட்டீராமே?"

"யார்லே சொன்னது?"

"அத்தான்தான் சொன்னாவ. ஒயின நீரு பைய முடிச்சுட்டு, திராட்சாரிஷ்டத்த ஊத்தி வச்சிருந்தீராம்லா. நல்ல மூளதான் வே உமக்கு."

நான் எழுந்து உங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றேன். நினைவிருக்கிறதா? எச்சில் கையோடு நின்றேன்.

"அரிஷ்டம்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அத்தான்?"

"எதுக்கு மாப்ள சத்தம்? பந்தியில நின்னுக்கிட்டு. ஊரே சொல்லுதுல்லா."

"ஊருக்கு யாரு சொன்னா?"

நீங்கள் பரிமாறுகிறவனைப் பார்த்து, "ரசம் கொண்டா" என்றீர்கள். பக்கத்தில் அக்கா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் தகராறு செய்கிறவன் என்று பார்த்தது. நான் திரும்பி வந்து கை கழுவினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் கடைக்கு வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். "விட்டுருலே தம்பி. ஒரு பாட்டில்தான. என் மொகத்துக்காக விட்டுரு" என்றாள். அக்கா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'அவிய அப்பிடிச் செய்யுத ஆளு இல்ல' என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன்.

அவள் முகத்துக்காக நான் விட்டேன். பல மாதம் விட்டேன். அதற்குள் நீங்கள் சொன்ன கதை சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றி, சிரிப்புப் படம் எல்லாம் ஒட்டப்பட்டு, இத்தாலி வரைக்கும் போய்விட்டது. சம்பந்தி கேட்டாராம், உன் அப்பாவுக்கு நல்ல டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று. கரிசனமாகத்தான் கேட்டிருக்கிறார். குழந்தையைத் தனியாக விடுவதற்கு முன்னால் யோசியுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

ஆசையில் குடித்தீர்கள், போகட்டும். என்னிடம் கேட்டிருந்தால் சம்பந்தி வரும் அன்றைக்கு உங்களுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றியிருப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். எப்படிக் குடித்தீர்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. மருந்து பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி நன்றாகக் குலுக்கியிருப்பீர்கள். அத்தனை வருட வண்டலையும் கலக்கி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. ரோஜாவும் தெரிந்திருக்காது, தாரும் தெரிந்திருக்காது. துவர்ப்பைப் பார்த்துவிட்டு மட்டச் சரக்கு என்று நினைத்திருப்பீர்கள். ஒரு மனிதர் தன் மகன் பிறந்த சந்தோஷத்தில் வாங்கிப் போட்டது, அதற்குப் பதில் இரண்டு பாட்டில் அரிஷ்டம் போதும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் குடும்பத்து ஆள் இப்படி நினைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிய அவமானம். அதை அந்த மனிதருக்கு எந்த மொழியில் சொல்வது?

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டு விழா. நீங்கள்தான் தலைமை. நானும் என் மனைவியும் வருவோம், முன் வரிசையில் உட்காருவோம். என் மகள் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள், பக்கத்தில் அவள் மாமனார் இருப்பார். நீங்கள் சொல்வதை அவள் அவருக்குச் சொல்வாள். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். அக்காவை அனுப்ப வேண்டாம். பாட்டிலைத் திறந்த இடத்தில் நீங்கள் இல்லை. ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அப்படியிருக்க, பாட்டிலுக்குள் இருந்தது திராட்சாரிஷ்டம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தான்? மேடையில் நின்று, மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.